2147483647: பகா எண்ணும் கணினியின் எல்லையும் ஒன்றாக அமைந்தது எப்படி?

2038 ஜனவரியில் பழைய கணினிகளின் கடிகாரம் தடுமாறப்போகிறது என்ற செய்தி அவ்வப்போது தலைகாட்டும். அந்தச் செய்தியில் ஒரு பத்து இலக்க எண் தவறாமல் இடம்பெறும்: 2147483647. கணித வரலாற்றைப் புரட்டினால் அங்கேயும் இதே எண்தான் நிற்கிறது. 1772-இல் லியோனார்ட் ஆய்லர் இது பகா எண் என்று நிறுவினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு மனிதர் அறிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியது.

இரண்டையும் கேள்விப்பட்டவர்கள் இயல்பாகவே ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்: "பகா எண் என்பதால்தான் கணினி வடிவமைத்தவர்கள் இதை எல்லையாக வைத்தார்கள்." பல இடங்களில் நம்பிக்கையோடு சொல்லப்படும் இந்த விளக்கம் தவறு. இரண்டு புகழுக்கும் வேர் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் இல்லை. அந்த வேர் எது என்று பார்த்துவிட்டால் குழப்பம் நீங்கிவிடும்.

எண்ணின் அமைப்பு

சொல்லிப் பார்த்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பத்தடிமான முறையில் எழுதினால் இதில் எந்த ஒழுங்கும் கண்ணில் படாது. இரும முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதினால் காட்சி மாறிவிடும்:

1111111111111111111111111111111

மொத்தம் 31 ஒன்றுகள், இடையில் ஒரு சுழியம்கூட இல்லை. இரும முறையில் இடமதிப்புகள் வலமிருந்து 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். மூன்று ஒன்றுகள் என்றால் 1 + 2 + 4 = 7; அது 8-க்கு ஒன்று குறைவு. நான்கு ஒன்றுகள் என்றால் 15. அது 16-க்கு ஒன்று குறைவு. அப்படியே போனால் 31 ஒன்றுகளின் மதிப்பு 2³¹-க்கு ஒன்று குறைவு. 2³¹ = 2147483648. எனவே நம் எண் 2³¹ − 1.

மேலே போகுமுன் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

1. பகா எண்: 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐவிடப் பெரிய முழு எண். 7, 31, 127 ஆகியவை பகா எண்கள். 15 பகு எண். அதன் காரணிகள் 3, 5.
2. மெர்சென் எண்: 2-இன் ஏதாவது ஓர் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வருவது. 3, 7, 15, 31, 63 என்று வரிசை போகும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த மாரின் மெர்சென் என்ற துறவியின் பெயர் இது.
3. மெர்சென் பகா எண்: அந்த வரிசையில் பகா எண்ணாகவும் இருப்பவை. 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகிய ஏழுக்கும் அடுத்து எட்டாவதாக வருவது நம் எண்.
4. பிட்: கணினி நினைவகத்தில் 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கத்துக்கான இடம்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா?

அடுக்கு பகு எண் என்றால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். இரும முறையில் இது கண்ணாலேயே தெரியும். ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 111111. இதை 111, 111 என்று இரண்டு துண்டாக வெட்டலாம். அதாவது இது 111-ஐ 1001-ஆல் பெருக்கியது; பத்தடிமானத்தில் 7 × 9 = 63. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம துண்டுகளாக வெட்ட முடிந்தாலே போதும், ஒரு காரணி அகப்பட்டுவிடும். 31 பகா எண் என்பதால் 31 ஒன்றுகளை அப்படி வெட்ட வழியில்லை. முதல் தடையை நம் எண் தாண்டிவிட்டது.

ஆனால் அது முதல் தடை மட்டுமே. 11-உம் பகா எண்தான்; இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது தேவை; அது மட்டும் போதாது. இந்த இடத்தில்தான் பெரிய ஆட்களெல்லாம் சறுக்கினார்கள்.

இத்தாலியின் பியெத்ரோ கட்டால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் பகா எண்கள் என்று முறையாக நிறுவினார். அதோடு நிற்காமல் அடுக்குகள் 23, 29, 31, 37 நான்குக்கும் பகா எண்ணே வரும் என்றார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா அவற்றில் இரண்டை உடைத்தார்: 2²³ − 1-ஐ 47 வகுக்கிறது, 2³⁷ − 1-ஐ 223 வகுக்கிறது. 2²⁹ − 1-ஐ 233 வகுப்பதை 1738-இல் ஆய்லர் காட்டினார். நான்கில் தப்பியது 31 மட்டும்தான். கட்டால்டி சொன்னது சரியாக அமைந்தது. ஆனால் அவர் கையில் நிரூபணம் இல்லை.

மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 உண்டு. 257 வரையிலான அடுக்குகளை அவர் வரிசைப்படுத்தினார். அதில் 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்தவை. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போனவை. இவ்வளவு பிழையுள்ள பட்டியலின் சொந்தக்காரர் பெயர்தான் இந்த எண்களுக்கு நிலைத்தது என்பது வரலாற்றின் குறும்பு. இருந்தாலும் தேடலைத் தூண்டிவிட்டதில் அந்தப் பட்டியலுக்கு நிகர் வேறொன்றில்லை.

ஆய்லர் வேலையைக் குறைத்த விதம்

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க நேரடி வழி, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. வர்க்கமூலத்துக்கு மேல் போகத் தேவையில்லை. ஒரு காரணி அதைவிடப் பெரியது என்றால் அதன் இணை அதைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. காகிதமும் பேனாவும் மட்டும் உள்ள காலத்தில் 4,800 நீள வகுத்தல்கள் என்பது மலைக்க வைக்கும் வேலை. போதாக்குறைக்கு, அப்போது ஆய்லருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது.

அவர் செய்தது, எந்தெந்த எண்கள் வகுக்கவே முடியாது என்பதை முன்கூட்டியே ஒதுக்கியது. இரண்டு வடிகட்டிகள்.

முதல் வடிகட்டி. ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2³¹-ஐ அதால் வகுத்தால் மீதி 1. 2-இன் அடுக்குகளை வரிசையாக அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதினால், 31 படிகளில் வரிசை திரும்பவும் 1-க்கு வந்து சுற்றும். 31 பகா எண் என்பதால் அதைவிடச் சிறிய சுற்று இருக்க முடியாது. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி இந்தச் சுற்றின் நீளம், வகுக்கும் பகா எண்ணிலிருந்து 1 கழித்தால் வரும் எண்ணை மீதியின்றி வகுக்க வேண்டும். ஆகவே வகுக்கும் எண் 31-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். அது ஒற்றைப்படை எண்ணும் ஆகையால் 62-இன் மடங்கோடு 1 கூட்டியது. இந்த விதியைத் தெரிந்த விடைகளில் சரிபார்க்கலாம்: 2047-இன் காரணிகள் 23, 89. ஒன்று கழித்தால் 22, 88. இரண்டும் 11-இன் மடங்கு.

இரண்டாம் வடிகட்டி. 2³¹ மீதி 1 தருமானால் 2³² மீதி 2 தரும். 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் 2-ஐ மீதியாகத் தரும் ஒரு வர்க்க எண் இருக்கிறது. அப்படி ஒரு வர்க்கம் கிடைக்கும் ஒற்றைப்படைப் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இதையும் சரிபார்க்கலாம்: 23-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7, 89-ஐ வகுத்தால் மீதி 1.

இரண்டையும் சேர்த்தால், வகுக்கக்கூடிய எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். 46,340-க்குள் அத்தகைய எண்கள் 373. அவை இப்படித் தொடங்கும்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். 63, 249, 807, 993 நான்கும் 3-ஆல் வகுபடுகின்றன; 745, 1055 இரண்டும் 5-இல் முடிகின்றன; 497 = 7 × 71; 559 = 13 × 43; 1241 = 17 × 73. மிஞ்சுவது 311, 1303 இரண்டுதான். ஆயிரத்து முந்நூறு வரையிலான எல்லாப் பகா எண்களுக்கும் பதிலாக இரண்டே வகுத்தல்கள்!

311-ஐ வைத்தே ஒன்று செய்து பார்ப்போம். 2147483647 முழுவதையும் வகுக்கத் தேவையில்லை. மீதியை மட்டும் துரத்தினால் போதும்.

1. 2⁸ = 256. இது 311-க்கு 55 குறைவு. ஆகவே மீதியை −55 என்று வைத்துக்கொள்ளலாம்.
2. வர்க்கப்படுத்தினால் 2¹⁶. 55 × 55 = 3025; 311-ஆல் வகுத்தால் மீதி 226. அதாவது −85.
3. மறுபடி வர்க்கப்படுத்தினால் 2³². 85 × 85 = 7225; மீதி 72.
4. 2³² தரும் மீதி 72 என்றால், அதில் பாதியான 2³¹ தரும் மீதி 36. ஒன்று கழித்தால் 35.

மீதி 35 இருக்கிறது, 311 வகுக்காது. இதேபோல மற்றவற்றையும் பார்த்து முடித்தபோது எதுவுமே வகுக்கவில்லை. 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் முடிவை அறிவித்தார். கணக்குப் போடும் திறமையைவிட, எந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்று கண்டுபிடித்த திறமைதான் இதில் பெரிது.

இன்று இதற்கு இன்னும் குறுகிய வழி உண்டு. 1876-இல் எதுவார் லூக்கா கண்டுபிடித்து, 1930-இல் டெரிக் ஹென்றி லேமர் செம்மைப்படுத்திய சோதனை அது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் சுழியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். 2⁵ − 1 = 31-க்குப் பார்த்தால்: 4, 14, அடுத்து 194; அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 8 × 8 − 2 = 62; மீதி 0. மூன்றே படிகள். நம் எண்ணுக்கு 29 படிகள் போதும். 2024-இல் அறிவிக்கப்பட்ட 52-ஆவது மெர்சென் பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-ஐயும் இந்தச் சோதனைதான் உறுதிசெய்தது. அதில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் உண்டு.

இந்த எண்ணின் உறவுக்காரர்கள்

தன்னைத் தவிர்த்த எல்லாக் காரணிகளையும் கூட்டினால் தானே வரும் எண்ணைச் செவ்விய எண் என்பார்கள். 28-இன் காரணிகள் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்பது ஆய்லரின் நிரூபணம். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது செவ்விய எண் கிடைக்கிறது: 2305843008139952128.

இந்த எண்ணைப் பற்றி ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் ஒரு துணிச்சலான ஆரூடம் சொன்னார். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. இவை வெறும் வேடிக்கைப் பொருள்கள், பயன் ஏதும் இல்லாதவை. ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் வாதம். 1876-இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டியபோதே இதைவிடப் பெரியது கிடைத்துவிட்டது. இன்று 52 தெரியும். பயன் இல்லாத வேலைக்கு ஆள் கிடைக்காது என்று கணிதர் ஒருவரே நம்பியதுதான் விசித்திரம்.

இன்னோர் உறவு இதைவிட அரிது. நம் எண்ணின் அடுக்கான 31, தானே ஒரு மெர்சென் பகா எண் (2⁵ − 1). மெர்சென் பகா எண்ணையே அடுக்காக வைத்து உருவாகும் எண்களுக்கு இரட்டை மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றில் பகா எண்கள் என்று தெரிந்தவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.

அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? 2-இன் 2147483647-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் எண்ணுக்கு 64 கோடியே 64 லட்சத்து 56 ஆயிரத்து 993 இலக்கங்கள். அச்சடிக்க நினைப்பதே வீண். ஆனால் அது பகு எண் என்று நமக்குத் தெரியும். 295257526626031 அதை மீதியின்றி வகுக்கிறது. ஆய்லரின் முதல் வடிகட்டி இங்கும் பொருந்துகிறது: இந்தக் காரணியிலிருந்து 1 கழித்தால் 2147483647-ஐ 137490-ஆல் பெருக்கியது வருகிறது. எண் எவ்வளவு பெரியது என்பது இங்கே அவ்வளவாகப் பொருட்டில்லை. ஒழுங்கான வடிவம் இருந்தால் அறுபது கோடி இலக்க எண்ணையும் ஆராய முடிகிறது. வடிவமில்லாத எண் என்றால் சில நூறு இலக்கங்களிலேயே காரணிகளைத் தேடித் திணற வேண்டியிருக்கும்.

கணினியில் இது எல்லையானது எப்படி?

நிரல் மொழிகள் பலவற்றில் சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்குவது வெகுகாலப் பழக்கம். 32 பிட்டில் மொத்தம் 2³² விதமான 0-1 கோவைகள் எழுதலாம். எதிர்மறை எண்களும் வேண்டும் என்பதால் பாதியை அவற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செய்முறை எளியது: இடது ஓரத்து பிட்டின் இடமதிப்பை +2³¹ என்று கொள்ளாமல் −2³¹ என்று கொள்வது. மற்ற 31 பிட்களுக்கும் வழக்கமான இடமதிப்புகள்.

எனவே மிகப் பெரிய எண் எது? இடது ஓரத்தில் 0, மீதி 31 இடங்களிலும் 1. அதுதான் 2147483647. மிகச் சிறிய எண், இடது ஓரத்தில் மட்டும் 1 உள்ள −2147483648. இரு பக்கமும் சமமில்லை என்பதைக் கவனியுங்கள். சுழியமும் நேர் எண்களின் பாதியில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எதிர்மறைப் பக்கத்தில் ஒன்று கூடுதல். இதன் விளைவாக −2147483648-இன் குறியை மாற்றச் சொன்னால் 32 பிட்டில் அதற்கு விடை எழுத இடமே இல்லை.

எல்லையில் நிற்கும்போது 1 கூட்டினால் என்ன ஆகும்? 31 ஒன்றுகளோடு 1 கூட்டினால் எல்லாம் சுழியமாகி, மேலே கொண்டுபோகும் 1 இடது ஓரத்தில் போய் உட்காரும். அந்த இடத்தின் மதிப்பு எதிர்மறை. வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்கு வருவது போன்றதுதான். இங்கே அது பூச்சியத்துக்கு வராமல் அடிமட்டத்துக்கு, −2147483648-க்குப் போய்விடுகிறது.

எல்லா அமைப்புகளும் இப்படியே நடப்பதில்லை. ஜாவாவில் மேலே சொன்னபடி சுற்றிக்கொள்ளும் என்பது மொழியின் விதி. சி மொழியில் என்ன நடக்கும் என்று மொழியின் வரையறை உத்தரவாதமே தருவதில்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளமோ, பொருந்தாத தரவை மறுக்கும் கண்டிப்பு நிலை அணைக்கப்பட்டிருந்தால், எல்லை மீறிய எண்ணை எல்லையிலேயே வெட்டி நிறுத்திவிடும்.

இந்தக் கடைசி நடத்தைதான் அடிக்கடி வேடிக்கை காட்டுகிறது. தொலைபேசி எண்ணைச் சாதாரண முழு எண்ணாகச் சேமிக்கும்படி ஒருவர் அட்டவணையை அமைத்துவிடுகிறார். பத்து இலக்கத் தொலைபேசி எண்களில் பெரும்பாலானவை 214 கோடியைத் தாண்டியவை. எல்லாமே 2147483647 என்று பதிவாகும். பின்னால் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒரே தொலைபேசி எண்! அமெரிக்காவில் 214 டல்லாஸ் பகுதியின் குறியீடு என்பதால் அது அசல் எண் போலவே தோற்றமளிக்கும். உங்கள் அட்டவணையில் இந்த எண் ஒருமுறைக்கு மேல் தென்பட்டால், சந்தேகப்பட வேண்டியது வாடிக்கையாளரை அல்ல, அந்த நெடுவரிசைக்குக் கொடுத்த தரவு வகையை.

செய்திகளில் வந்த மூன்று சம்பவங்கள்

1. 2038 சிக்கல். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகள் நேரத்தை, 1970 ஜனவரி 1 நள்ளிரவு (உலகப் பொது நேரம்) முதல் கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. 2147483647 நொடிகள் என்பது 24,855 நாள், 3 மணி, 14 நிமிடம், 7 நொடி. அந்தக் கணக்குப்படி எல்லை 2038 ஜனவரி 19, அதிகாலை 3:14:07. அதற்கடுத்த நொடியில், 32 பிட்டில் நேரம் வைத்திருக்கும் அமைப்பு 1901 டிசம்பர் 13-க்குப் பின்னோக்கித் தாவிவிடும். 64 பிட்டுக்கு மாறினால் தீர்வு. புதிய கணினிகள் பெரும்பாலும் மாறிவிட்டன. கவலை, சுவருக்குள்ளும் இயந்திரங்களுக்குள்ளும் பதிக்கப்பட்டு, யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கருவிகளைப் பற்றித்தான்.

2. யூடியூப் எண்ணி. 2014 டிசம்பரில் 'காங்னம் ஸ்டைல்' காணொளியின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையை எட்டியதை ஒட்டி, எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக யூடியூப் அறிவித்தது.

3. போயிங் 787. தொடர்ந்து 248 நாள் மின்சாரம் நிறுத்தப்படாமல் இருந்தால் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் மென்பொருள் எண்ணி நிரம்பிவிடும், எல்லாம் ஒருசேரச் செயலிழக்கக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்து ஆணையிட்டது. நூறில் ஒரு நொடிக்கு ஒன்று என்று எண்ணினால் 2³¹-ஐ எட்ட எவ்வளவு நாளாகும் என்று போட்டுப் பாருங்கள்: 21474836.48 நொடிகள், அதாவது 248.55 நாள்.

பகா எண்ணாக இருப்பதால்தானா?

மேலே சொன்ன மூன்றிலும் இந்த எண் பகா எண்ணாக இருந்தது எந்தப் பங்கும் வகிக்கவில்லை. 2³¹ − 1 பகு எண்ணாக இருந்திருந்தாலும் கடிகாரம் அதே நொடியில்தான் தடுமாறும். எல்லையைத் தீர்மானித்தது "32-இல் ஒரு பிட் குறிக்குப் போக மீதி 31" என்ற கழித்தல் மட்டுமே.

மற்ற அளவுகளைப் பார்த்தால் இது உறுதிப்படும்.

1. 8 பிட் எல்லை: 127. பகா எண்.
2. 16 பிட் எல்லை: 32767 = 7 × 31 × 151. பகு எண்.
3. 32 பிட் எல்லை: 2147483647. பகா எண்.
4. 64 பிட் எல்லை: 9223372036854775807 = 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. பகு எண்.

கணினிகள் பிட்களை 8, 16, 32, 64 என்று கட்டுவது வசதிக்காக. ஒன்று குறைத்தால் அடுக்குகள் 7, 15, 31, 63. இவற்றில் 7-உம் 31-உம் பகா எண்களாக வாய்த்தன; 15, 63 வாய்க்கவில்லை. அடுக்கு பகா எண்ணான பிறகும் 11, 23, 29 போலக் கைவிட்டிருக்கலாம், 31 கைவிடவில்லை. அவ்வளவுதான். எல்லா இடத்திலும் 1 என்ற வடிவம் இரண்டுக்கும் பொது வேர்: கணினிக்கு அது "இடம் நிரம்பிவிட்டது" என்பதன் அடையாளம், கணிதருக்கு அது சோதிக்க எளிய எண். இரண்டும் ஒரே எண்ணில் சந்தித்தது தற்செயல்.

பகாத்தன்மை உண்மையிலேயே உதவிய இடம்

தற்செயலாக வாய்த்ததைப் பிறகு வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டவர்கள் உண்டு. கணினியில் சமவாய்ப்பு எண்களை (குலுக்கலில் வருவன போன்ற எண்களை) உருவாக்குவது அந்த இடம். முறை இதுதான்: ஓர் எண்ணை எடுத்து, ஒரு நிலையான பெருக்கியால் பெருக்கி, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை எடுப்பது, அந்த மீதியை மறுபடி பெருக்குவது. 1949-இல் இந்த முறையை முன்வைத்தவர், பகா எண் சோதனையைச் செம்மைப்படுத்திய அதே லேமர்.

வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால் என்ன லாபம் என்பதைச் சிறிய அளவில் காணலாம். வகுக்கும் எண் 7, பெருக்கி 3 என்றால் வரிசை: 1, 3, 2, 6, 4, 5, பிறகு மீண்டும் 1. ஒன்று முதல் ஆறு வரை ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. வகுக்கும் எண் 8 என்றால்: 1, 3, பிறகு உடனே 1. இரண்டே எண்களில் சுற்று முடிந்தது. பகா எண்ணுக்குப் பொருத்தமான பெருக்கி எப்போதும் உண்டு. அது தன்னைவிடச் சிறிய நேர் எண்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்பும்.

1969-இல் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிக்காக லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் வகுக்கும் எண்ணாக 2147483647-ஐயும் பெருக்கியாக 16807-ஐயும் (7⁵) எடுத்தார்கள். 1988-இல் பார்க்கும் (வேறொரு) மில்லரும் இதையே குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். 1-இல் தொடங்கினால் வரிசை 16807, 282475249, 1622650073 என்று போகும். 2147483646 எண்களுக்குப் பிறகே திரும்பும்.

இங்கே வடிவமும் கைகொடுக்கிறது. 282475249-ஐ 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. இதை 2147483647-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் வகுத்தலே தேவையில்லை. இரும முறையில் எழுதி, வலது ஓரத்து 31 பிட்களைத் தனியாகவும் எஞ்சிய இடப்பக்கத்தைத் தனியாகவும் வெட்டுங்கள். வலது துண்டு 1622647863, இடது துண்டு 2210. கூட்டினால் 1622650073. மீதி கைக்கு வந்துவிட்டது. 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 என்பதால் இது சரியாக வருகிறது. கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் ஒருமுறை கழித்துக்கொண்டால் போதும்.

இந்த முறைக்கு வயதாகிவிட்டது. 214 கோடி எண்களை இன்றைய கணினி ஒன்று சில நொடிகளில் தீர்த்துவிடும். அதன்பின் அதே வரிசை திரும்ப வரத் தொடங்கும். முந்தைய எண்ணைத் தெரிந்தவர் அடுத்ததைச் சொல்லிவிடலாம் என்பதால் ரகசியக் காப்புக்கு இது அறவே உதவாது. இருந்தும் சி++ மொழியின் நூலகத்தில் 16807 பெருக்கியோடு இது இன்றும் இருக்கிறது.

இதன் இடத்தைப் பல இடங்களில் பிடித்தது 1998-இல் ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வெளியிட்ட 'மெர்சென் ட்விஸ்டர்'. அதன் சுற்றின் நீளம் 2¹⁹⁹³⁷ − 1. இதுவும் மெர்சென் பகா எண்தான். 6,002 இலக்கங்கள் கொண்டது. இங்கே தற்செயலுக்கு இடமில்லை. ஒரு சுற்று முழு நீளம் போகிறதா, இடையிலேயே முடிந்துவிடுகிறதா என்று உறுதிசெய்ய, அந்த நீளத்தின் காரணிகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆறாயிரம் இலக்க எண்ணுக்குக் காரணி தேடுவது நடக்கிற காரியமா? நீளமே பகா எண்ணாக இருந்தால் தேட ஒன்றுமில்லை. அதற்காகத்தான் 19937 என்ற அடுக்கைத் தேடி எடுத்தார்கள்.